யாரையும் குற்றம் சொல்லாத விதி

ஆசீவகம் என்ற சமயம் செத்துப்போய் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. இறந்த நாளையும் எவரும் குறித்துவைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அது மூச்சோடு இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்பவை வரிக்கணக்குகள். வேலூருக்கு மேற்கே, விரிஞ்சிபுரத்தை ஒட்டிய பொய்கை, இன்று மாட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டுகள் மூன்றாம் இராசராசன் காலத்தவை. 1238 வாக்கில் வெட்டப்பட்டவை. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் கோயிலுக்காகச் சம்புவராயரிடமிருந்து ஊர்களைப் பெற்ற செய்தியை அவை சொல்கின்றன. ஊரோடு சேர்ந்து கைமாறும் வருமானங்களை எழுதும்போது, தறிக்கும் தட்டாருக்கும் விதித்த வரிகளின் வரிசையில் ஆசீவகக் காசும் வருகிறது.

ஒரு சமயத்தின் கடைசி முகவரி இப்படி வரித்தண்டல்காரனின் பட்டியலில் கிடைப்பது பரிதாபம்தான். அந்தச் சம்புவராயர்களின் தலைநகர் படைவீடு, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது புதிய மாவட்டத்துக்குத் ‘திருவண்ணாமலை சம்புவராயர்’ என்றே பெயர் வைத்தார்கள். மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள் நீக்கப்பட்ட 1997 வரை அது நிலைத்தது. வரி வாங்கியவர் பெயராவது எட்டு ஆண்டுகள் பேருந்துகளிலும் பெயர்ப்பலகைகளிலும் ஓடியது. வரி கட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. பொய்கைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞரே அந்த வரி சமணர்மேல் விதித்தது என்று எண்ணிவிட்டார். செத்த பிறகும் பங்காளியின் பெயரில்தான் கணக்கு.

பிறப்பு வடக்கே, கங்கைச் சமவெளியில், புத்தரும் மகாவீரரும் நடமாடிய காலத்தில். நிறுவியவராகச் சொல்லப்படுபவர் மற்கலி கோசாலர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவரைப் பிடிக்காதவர்கள் எழுதிவைத்தது. சமணரின் பகவதி சூத்திரம் அவரை மகாவீரரோடு ஆறு ஆண்டுகள் சுற்றித்திரிந்து பிறகு முரண்பட்டுப் பிரிந்த சீடராகக் காட்டுகிறது. எள்ளுச்செடி ஒன்று காய்க்கும் என்று மகாவீரர் சொன்னாராம். அதைப் பொய்யாக்கக் கோசாலர் வேரோடு பிடுங்கி எறிந்தாராம். மழை பெய்து செடி மறுபடி வேர்பிடித்ததாம். செத்த உயிர் அதே உடலில் மறுபடி எழும் என்ற கொள்கை அவருக்கு அங்கேதான் பிறந்தது என்கிறது அந்நூல். சாவத்தி நகரில் ஆலாகலை என்ற குயவப் பெண்ணின் வீட்டில், மாங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, காய்ச்சலில் பிதற்றியபடி அவர் இறந்ததாகவும் அதுவே எழுதுகிறது. பிறப்பு, அறிவு, சாவு மூன்றையும் எதிராளியே எழுதினால் வாழ்க்கை வரலாறு இப்படித்தான் வரும்.

நல்ல நாள்களும் இருந்தன. அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் பீகாரின் பராபர் குன்றில் ஆசீவகருக்குக் குகைகளைக் குடைந்து கொடுத்தார். பேரன் தசரதன் பக்கத்து நாகார்ச்சுனிக் குன்றில் மேலும் சிலவற்றைக் கொடுத்தான். கருங்கல்லைக் கண்ணாடிபோல் இழைத்த குகைகள் அவை. பின்னால் வந்த யாரோ அங்கே சில கல்வெட்டுகளில் ஆசீவகர் என்ற பெயரை மட்டும் பார்த்துப் பார்த்துச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள்.

வடக்கே பெயர் தேய்ந்த பிறகும் தெற்கே அது வெகுகாலம் வாழ்ந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி புகாருக்கு எட்டியதும், கண்ணகியின் தந்தை மாநாய்கன் தானதருமங்கள் செய்து ஆசீவகரிடம் அறம் கேட்கப் போகிறார். மகளை இழந்த மனிதனுக்கு ஆறுதல் கிடைக்கும் இடமாகக் காப்பியக்காரருக்கு அது தோன்றியிருக்கிறது. இந்தச் செய்தியை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களிடையே ஓர் ஆசீவகரும் தம் நூற்பொருளை எடுத்துரைக்கிறார். நீலகேசியில் பூரணர் என்ற ஆசீவக ஆசிரியர் வாதுக்கு வந்து தோற்கிறார். தக்கயாகப் பரணியின் பழைய உரை, தாழிக்குள் அமர்ந்து தவம் செய்தவர்கள் என்று இவர்களைச் சொல்கிறது. மூன்று வகை ஆவணம், ஒன்றுகூட அவர்கள் கைப்பட எழுதியதில்லை. மணிமேகலை பௌத்த நூல், நீலகேசி சமண நூல், பரணி தேவியின் புகழ் பாடுவது.

அப்படி என்னதான் சொன்னார்கள்? எதிராளிகளின் வாக்குமூலங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஓர் உருவம் தேறுகிறது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்ற ஐந்தும் அணுக்கள். அவை சேர்வதும் பிரிவதும் நியதிப்படி. உயிர்கள் கருமை முதல் வெண்மை வரை ஆறு நிறப் பிறப்புகளில் ஏறி, கடைசியில் கழிவெண் பிறப்பை அடைந்து வீடுபெறும். பௌத்தரின் தீக நிகாயம் கோசாலர் வாயில் ஒரு கணக்கை வைக்கிறது: எண்பத்து நான்கு இலட்சம் மகாகற்பங்கள். நூற்கண்டை உருட்டிவிட்டால் நூல் இருக்கும் வரை ஓடி நிற்பதுபோல, அறிஞனும் மூடனும் அவ்வளவு காலம் பிறந்து பிறந்து ஓடி முடித்தால் துன்பம் தீரும். முன்கூட்டி இறங்கவும் முடியாது. யாரும் வழியில் விடுபட்டுப் போவதும் இல்லை.

தீக நிகாயத்தின் அதே பகுதியில் இன்னொரு வாசகமும் உண்டு. எதிரிகளை அதிகம் அதிரவைத்தது அதுதான். உயிர்கள் மாசடைவதற்குக் காரணம் ஏதுமில்லை, தூய்மையடைவதற்கும் காரணமில்லை என்றார் கோசாலர். ஒருவன் இன்று படும் பாட்டுக்கு அவன் நேற்றுச் செய்தது கணக்கு வைக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. புத்தருக்கு இது ஆகவே ஆகாது. அக்காலத்து ஆசிரியர்கள் எல்லோரிலும் கோசாலர் கொள்கையே இழிந்தது என்று சொன்னதாக அங்குத்தர நிகாயம் பதிவுசெய்கிறது. செயலுக்குப் பயன் உண்டு என்ற அடித்தளத்தில் சமணமும் பௌத்தமும் வைதிகமும் ஒன்றாக நிற்க, இவர் அதற்கு வெளியே நின்றார்.

இதிலிருந்து என்ன ஒழுக்கம் பிறக்கும்? புறநானூற்றின் 192ஆம் பாட்டைப் பாடிய கணியன் பூங்குன்றனாரை ஆசீவகச் சார்பினர் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அது முடிந்த வழக்கு அன்று. ஆனால் அந்தப் பாட்டின் நியாய ஓட்டம் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. உயிர் வெள்ளத்தோடு போகும் மிதவை என்று கண்டபின், பெரியவனைக் கண்டு வாய்பிளக்கவும் தோன்றாது, சிறியவனைத் தாழ்த்தவும் மனம் வராது. விதியை நம்பினால் சோம்பல் வரும் என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே வருவது சமநோக்கு.

ஆசீவகத்தின் சாவைப் புரிந்துகொள்ள, தூரத்துச் சொந்தம் ஒன்றின் சாவையும் பார்க்க வேண்டும். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவியத் தாழ்வாரத்தில் சீனோ தொடங்கிய ஸ்டோயிக் மரபு எல்லாம் விதிப்படி என்றது. நம் கையில் இருப்பது நம் மனத்தின் இசைவு மட்டுமே என்றது. நோயும் வறுமையும் தீமையல்ல, அறமே நன்மை என்றது. அதன் பெரும்புலவர் கிரிசிப்பஸ் 705 நூல்கள் எழுதியதாகக் கணக்கு. முழுதாக ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் விதியென்றால் நோயாளி மருத்துவரைக் கூப்பிடுவானேன் என்று எதிராளிகள் மடக்கினார்கள். குணமாவது விதியானால் மருத்துவரைக் கூப்பிடுவதும் அந்த விதியிலேயே அடக்கம் என்பது அவர் விடை. நீலகேசி தரப்பு ஆசீவகரிடம் கேட்பதும் இதே மாதிரிக் கேள்விதான்: எல்லாம் முடிந்த காரியமென்றால் உங்களுக்குத் தவம் எதற்கு, உபதேசம் எதற்கு? தவமும் நியதியில் எழுதியதே என்று கிரிசிப்பஸ் வழியில் அவர்கள் பதில் சொல்லியிருக்கலாம். அவர்கள் நூல் நம் கையில் இல்லாததால் தோல்வி மட்டுமே பதிவாகியிருக்கிறது.

ஸ்டோயிக்குகளை யாரும் எரிக்கவில்லை. கி.பி. 176இல் மார்க்கஸ் அவுரேலியஸ் ஏதென்ஸில் அவர்களுக்குத் தனி ஆசிரியர் பதவியே ஏற்படுத்தினார். அதன்பின் சில தலைமுறைகளில் மரபு கரைந்தது. கரைத்தவர்கள் அதைப் படித்து மதித்தவர்களும்தான். 200 வாக்கில் அலெக்ஸாண்டர் என்ற அரிஸ்டாட்டில் உரையாசிரியர் விதியைப் பற்றி ஒரு நூல் எழுதி உரோமப் பேரரசர்களுக்கு அளித்தார். எல்லாம் விதியென்றால் பாராட்டும் பழியும் பொருளற்றுப்போகும் என்பது அவர் வாதம். நூல் முழுக்க ஸ்டோயிக்குகளை அடிக்கிறார். பெயரை ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ் விதியை உடலுலகத்தின் காவலாக இறக்கிவைத்து, அதற்குமேல் கடவுளின் அருட்காப்பை அமர்த்தினார். ஸ்டோயிக்குகளுக்கு விதியும் கடவுளும் ஒன்றே. இவர் அதை இரண்டாகப் பிளந்து ஒன்றை மற்றதற்கு வேலையாள் ஆக்கினார்.

அடுத்த நூற்றாண்டில் சிம்ப்ளிசியஸ், ஸ்டோயிக்கான எபிக்டீடஸின் கையேட்டுக்கு நீண்ட உரை எழுதினார். 529இல் ஜஸ்டினியன் ஏதென்ஸில் மெய்யியல் போதனையைத் தடுத்தபின் பாரசீக அரசவைக்குப் போய்த் திரும்பியவர்களில் ஒருவர் அவர். அன்போடு எழுதிய உரைதான். ஆனால் அந்தக் கையேடு யாருக்கு ஏற்றது? நடத்தையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் மனிதனுக்கு. ஆன்மா தூய்மை பெற்று மேலேறுவதற்கு முந்தைய நிலையில் நிற்பவனுக்கு. தனி வீடாக இருந்தது அடுத்தவர் மாளிகையின் முதல் படிக்கட்டு ஆயிற்று. கிறித்தவத் துறவிகள் இன்னும் எளிதாக முடித்தார்கள். நீலஸ் பெயரில் வழங்கும் பதிப்பு, கையேட்டில் சாக்ரடீஸ் வந்த இடத்தில் பவுலை உட்காரவைத்துவிட்டுப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

நம் பக்கம் வேலை இதைவிடக் கச்சிதமாக நடந்தது. 13ஆம் நூற்றாண்டில் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பாடினார். அதன் பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு மதங்களை எடுத்துவைத்து மறுக்கிறது. ஆசீவகமும் அதில் ஒன்று. பொய்கையில் ஆசீவகக் காசு தண்டிய அதே நூற்றாண்டு. சைவ சித்தாந்தம் விதியைத் தூக்கி எறியவில்லை. வினை உண்டு, நியதி என்ற தத்துவமும் உண்டு. ஆனால் வினை சடம். தானாக வந்து எவரையும் பற்றாது. அதை உயிருக்கு ஊட்ட அறிவுடைய ஒருவன் வேண்டும். அங்கே சிவன் வருகிறான். புரோக்ளஸ் விதிக்கு மேலே அருட்காப்பை வைத்த அதே இடம், அதே காரணம்.

திருக்குறளின் ஊழ் அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் நியதி என்றே ஊழைச் சொல்கிறார். உடனேயே அதைச் செய்தவனைச் சென்று சேரும் இருவினைப் பயனோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார். ஆசீவகனின் நியதிக்கு முகவரி கிடையாது, யார்மேலும் அது வழக்குப் போட்டதில்லை. உரைகாரர் கையில் அது செய்தவன் பெயர் எழுதிய தபாலாகிறது. பின்வந்த சித்தியார் உரைகாரர்கள் ஆசீவகரைச் சமணத்தின் ஒரு பிரிவென்றே கொண்டார்கள். ஹுல்ச்சின் தவறுக்கு வேர் பழையது.

இந்த வாதத்தின் கடைசி அத்தியாயங்கள் திருவண்ணாமலையில் எழுதப்பட்டன. 1898 டிசம்பரில், மௌனத்திலிருந்த மகனைத் தேடி அழகம்மாள் பவளக்குன்றுக்கு வந்து அழுதார். வீட்டுக்கு வா என்ற மன்றாட்டுக்கு இளைஞர் ரமணர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நடக்கவிருப்பதை எவராலும் நிறுத்த முடியாது, நடக்காததை எவராலும் வரவழைக்க முடியாது என்பது அதன் சாரம். உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றியதும் அதே 1898இல். அந்தப் பதிப்பில் ஆசீவகரின் பேச்சு வெளிவந்த ஆண்டில், அதே பொருள் அண்ணாமலையடிவாரத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. கோசாலர் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார், முதல் வரியைத் தவிர. அந்தத் தாள் அவரவர் பிராரப்தத்தையும், அதன்படி ஆட்டுவிக்கும் ஒருவனையும் முன்னிறுத்தியே தொடங்குகிறது.

முருகனார் கேட்டு 1927இல் ரமணர் பாடிய உபதேச உந்தியார் முதல் அடிகளிலேயே இதை நேராக எடுக்கிறது: கன்மம் சடம், பயன் தருவது கர்த்தனின் ஆணை. அருணந்தியின் வாதம் ஏழு நூற்றாண்டு கடந்து மலையடிவாரத்தில் உந்திப் பாட்டாக ஒலிக்கிறது. மறு ஆண்டு எழுந்த உள்ளது நாற்பதின் 19ஆம் பாட்டு இன்னும் ஓர் அடி போகிறது. விதியா மதியா என்ற சண்டை இரண்டின் வேரையும் அறியாதவர்களுக்கே என்று சொல்லி, வழக்கையே தள்ளுபடி செய்கிறது. ஆசீவகத்துக்கு இதைவிடக் கண்ணியமான மறுப்பு எங்கும் கிடைத்ததில்லை. ஆனால் எதிரில் நின்று வாதாட அதன் ஆள் ஒருவரும் அப்போது உயிரோடில்லை.

அதே மாவட்டத்தில் சமணர் இருக்கிறார்கள். போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரில் ஜினாலயம் நிற்கிறது. வந்தவாசி, ஆரணி வட்டாரக் கிராமங்களில் நயினார் குடும்பங்கள் பயிர்செய்து வாழ்கின்றன. ஒரே காலத்தில் பிறந்த இரண்டு சமயங்களில் ஒன்று தங்கியது, ஒன்று போனது. எனக்குத் தோன்றும் காரணம் இது: சமணம் இல்லறத்தானுக்கு நாள்தோறும் செய்ய வேலை கொடுத்தது. நோன்பு, தானம், ஏடு எழுதிக் கொடுத்தல் எல்லாவற்றுக்கும் பயன் உண்டு என்றது. அதனால் நூல்களும் பிழைத்தன. நீலகேசியில் உள்ள ஆசீவகரின் வாதமே அந்தச் சமண வீடுகளின் ஏடுகள் வழியாகத்தான் நமக்கு வந்தது. எதையும் முன்பின் நகர்த்த முடியாது என்பவன் தன் அடியானிடம் எதைச் செய்யச் சொல்வான்? பழைய ஆசீவகர் நிமித்தம் பார்ப்பதில் தேர்ந்தவர்கள். வருவதைச் சொல்லலாம், பரிகாரம் சொல்ல அவர்கள் கொள்கையில் இடமில்லை. கோயில் ஊர் எதுவும் அப்படிப்பட்ட ஜோசியரை வைத்துப் பிழைக்க முடியாது.

அண்மைக் காலத்தில் புதிய வாரிசுகள் வந்திருக்கிறார்கள். ர. விஜயலட்சுமியின் ஆய்வு தமிழகத்து ஆசீவகத் தடயங்களைத் திரட்டித் தந்தது. 2022இல் மறைந்த பேராசிரியர் க. நெடுஞ்செழியன், மற்கலி தமிழரே, ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரே அவர் என்று வாதிட்டுப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார். மறந்துபோன பெயரை மக்கள் வாய்க்குக் கொண்டுவந்த பெருமை அவருடையது. அந்த அடையாளத்துக்குச் சான்று போதாது என்பதே என் எண்ணம். சாதியற்ற பழந்தமிழ் அறிவியல் சமயம் என்று இன்று சித்திரிக்கப்படும் ஆசீவகத்துக்குள்ளும் ஏணி இருந்தது. பூரணர் பெயரில் பௌத்த நூல் தரும் பட்டியலில் வேடரும் மீன்பிடிப்போரும் கசாப்புத் தொழிலாளரும் கரும்பிறப்பு. சமணத் துறவியர் நடுவே செம்பிறப்பு. ஆசீவகத் துறவியர் வெண்பிறப்பு. அடுத்தவனைக் கீழ்ப்படியில் நிறுத்தும் பழக்கம் ஆசீவகருக்கும் இருந்தது.

ஆகவே முழு ஆசீவகத்துக்கும் கண்ணீர் விடவேண்டியதில்லை. முயற்சி வீண் என்று கொத்தடிமையிடம் சொல்லும் சமயம் பண்ணையாருக்கே உதவும். ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர் பக்கமே நாம் நிற்கவேண்டும். இரங்கவேண்டியது ஒன்றுக்கு.

பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டரில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கணவன் விபத்தில் போனான், மூன்றாம் முறையும் கரு கலைந்தது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பாரம். அதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே வருவது, போன ஜென்மத்தில் என்ன பாவம் பண்ணேனோ என்ற கேள்வி. செயலுக்குப் பயன் உண்டு என்ற கொள்கை நீதியை உலகத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு விலையாக, அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. வினையை ஊட்ட ஒரு கர்த்தனை வைத்தவர்கள் அவனிடம் அருளையும் வைத்தார்கள், மன்னிப்புக்கு வழி திறந்தார்கள். மன்னிப்புக் கேட்க முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமே. மாநாய்கன் ஆசீவகரிடம் போனபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இளங்கோ எழுதவில்லை. அவர்கள் கொள்கைப்படி சொல்லக்கூடியது ஒன்றுதான்: இது நடந்தது, நீயோ உன் மகளோ செய்த எதற்கும் இது தண்டனை இல்லை.

விதி உண்டு, அதில் உன் குற்றம் ஏதுமில்லை என்று சேர்த்துச் சொன்ன சமயம் நம் நாட்டில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. முதல் பாதியை எல்லோரும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்ள வாரிசு ஒருவரும் வரவில்லை.